அம்மா சொல்லாத மன்னிப்பு

அண்ணன் எழுதிய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை அவள் மதிய இடைவேளையில் படித்து முடித்தாள். முடித்த கையோடு புத்தகத்தை மூடி மேசைமேல் ஓங்கி ஓர் அடி அடித்தாள். காய வைத்திருந்த நான்கு பல் செட்டுகளும் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தன.

"என்னக்கா, பூகம்பமா?" என்றாள் பக்கத்து மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவள்.

"பொய். ஒன்பது பக்கமும் பச்சைப் பொய்."

"ஐயோ, அந்தக் கடைசி அத்தியாயமா? நான் ரெண்டு தடவை படிச்சேன். படிச்சுட்டு அப்படியே கரைஞ்சு போயிட்டேன். எவ்வளவு இதமா முடிச்சிருக்காரு உங்க அண்ணன்!"

அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மெழுகுக்காரி நல்லவள். அவளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? புத்தகத்தைப் பைக்குள் திணித்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் அந்தக் கூடத்தில் முப்பத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். அலமாரி நிறைய யார் யாருடைய வாய்களோ வெள்ளைப் பிளாஸ்டர் அச்சுகளாக வரிசையாக நிற்கும். அத்தனை வாய்களுக்கு நடுவே இவள் வாய்தான் அங்கே பெரியது என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். வீட்டில் இவளுக்குக் குண்டூசி என்று பெயர். அம்மா வைத்தது. பக்கத்தில் போனால் குத்துவாள், ஆனால் அவள் இல்லாவிட்டால் வீட்டில் எதுவும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்காது என்பாள் அம்மா.

புத்தகம் அந்த அம்மாவைப் பற்றியது. அம்மா யூதப் பெண். அவளுக்குப் பதினான்கு வயதானபோது நாஜிகள் அவள் வீட்டு வாசலில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், அவள் என்று ஐந்து பேரை ஏற்றினார்கள். முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்தது அவள் ஒருத்திதான். அதன்பிறகு வேறு நாடு, வேறு மொழி, தையல் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். தொண்ணூற்று மூன்று வயதில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லோருக்கும் அவன் வாத்தியார். அம்மாவை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, ஒலிநாடாவில் பதிவு செய்து, அதை வைத்துப் புத்தகம் எழுதினான். முந்நூறு பக்கம்வரை குண்டூசிக்கு ஒரு குறையும் இல்லை. விடியற்காலையில் முற்றத்தில் நிறுத்தி எண்ணியதையும், கடைசித் தம்பியின் கை தன் கையிலிருந்து விடுபட்ட இடத்தையும் அண்ணன் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதியிருந்தான். அவனா இவன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி அத்தியாயத்தில்தான் கோட்டைவிட்டான்.

ஐம்பது வருஷம் கழித்து அம்மா தன் பழைய வீட்டைப் பார்க்கப் போகிறாள். கதவைத் திறக்கிறவள் அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்த தோழி. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தோழி உள்ளே போய், நீலக்கரை போட்ட ஒரு பீங்கான் கோப்பையை எடுத்துவந்து அம்மாவின் கையில் வைக்கிறாள். 'உன் அம்மாவுடையது. உனக்காகத்தான் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தேன்' என்கிறாள். போனவர்கள் போனவர்கள்தான், திரும்பப்போவதில்லை. ஆனாலும் அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் அம்மா தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: 'மன்னிக்க ஒன்றுமில்லை. நாம் இருவரும் குழந்தைகளாக இருந்தோம்.' அதோடு புத்தகம் முடிகிறது.

அன்றைக்கு அம்மாவோடு போனது அண்ணன் இல்லை. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். ஒன்றரை நாள் ரயிலில் அம்மாவுக்குத் துணையாகப் போனவள் குண்டூசிதான்.

முப்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொன்றும் கண்முன்னால் நிற்கிறது. கதவு முழுக்கத் திறக்கவில்லை, முக்கால்வாசிதான் திறந்தது. தோழி என்று அண்ணன் எழுதிய அந்தப் பெண்மணி அம்மாவை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் கை தாழ்ப்பாளை விட்டு நகரவில்லை.

"நீ உயிரோடதான் இருக்கியா?" என்று கேட்டாள். சந்தோஷத்தில் கேட்கிற கேள்வியாக அது இல்லை.

உட்கார வைத்தாள். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்: எங்களிடம் வீட்டுப் பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது, எங்கள் அப்பா நகரசபையில் முறைப்படி எழுதி வாங்கினார், யாரையும் ஏமாற்றவில்லை என்று. அம்மா பத்திரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சன்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தேநீர் வந்தது. அம்மாவின் கையில் வந்தது நீலக்கரைக் கோப்பை. பிடியில் ஓரமாக ஒரு சில்லு உடைந்து போயிருந்தது. அம்மா அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எங்க அம்மாவோடது. சின்னவன் குழாயில இடிச்சு உடைச்ச இடம் இது."

"அது எங்க வீட்டுல எப்பவும் இருக்கறதுதான்" என்றாள் அந்தப் பெண்மணி.

அம்மா தேநீரை அவசரப்படாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கைக்குட்டையை எடுத்துக் கோப்பையை உள்ளும் வெளியும் துடைத்தாள். அதே கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து, படக்கென்று மூடினாள்.

"என்ன பண்றே நீ?"

"எடுத்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான். எழுந்து வெளியே வந்துவிட்டாள். அந்தப் பெண்மணி தெருவுக்கே ஓடிவந்து, "திருடி! திருடி!" என்று கத்தினாள். சன்னல்கள் திறந்தன. தபால்காரர் ஒருவர் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். அம்மா ஓடவில்லை. அவள் செருப்புச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே வந்தது.

ரயில் புறப்பட்ட பிறகு அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அலமாரியில இன்னும் ரெண்டு இருந்துச்சு, பார்த்தியா?" என்றாள். சிரிப்பு அடங்கிய பிறகு, "இதை யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதே" என்றாள். குண்டூசி அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டாள்.

இதைத்தான் அண்ணன் கட்டிப்பிடித்து அழுததாகப் பூசி மெழுகியிருக்கிறான்.

வேலை முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல், தலையில் பிளாஸ்டர் தூளோடு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாத்தியார் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சனிக்கிழமை நூலகக் கூட்டத்தில் வாசிக்க வேண்டிய பக்கங்களுக்குக் காகிதம் செருகிக்கொண்டிருந்தான்.

"வா வா. காபி போடட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். அம்மாவை அவ எப்பண்ணா கட்டிப்பிடிச்சா?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். இந்தக் கேள்வி எப்போதாவது வாசலில் வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது போலிருந்தது.

"கூட இருந்தவ நான். ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா? முந்நூறு பக்கம் எழுதத் தெரிஞ்ச உனக்கு, தெருவுல அம்மாவைத் திருடின்னு கூப்பிட்டதை எழுதக் கை வரலையா?"

"திருடியா?" அண்ணன் நிமிர்ந்தான். "யாரு? யாரைத் திருடின்னு சொன்னாங்க?"

அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை என்பது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டான். கேட்டு முடித்ததும் எழுந்துபோய், பழைய ஒலிப்பதிவுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"நீயே கேளு" என்றான்.

நாடா கொஞ்ச நேரம் கரகரத்தது. அப்புறம் அம்மாவின் குரல். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறாள். குண்டூசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"...நான் கேட்கவே இல்லப்பா. அவளே எடுத்துவந்து கையில குடுத்தா. உங்க அம்மாவோடதுன்னு சொல்லிக் குடுத்தா. பாவம், அழுதா."

"நிஜமாவா அம்மா?" இது அண்ணன் குரல்.

"ம். எழுதிக்கோ."

அண்ணன் பெட்டியை நிறுத்தினான். "நான் இட்டுக்கட்டலை. அம்மா சொன்னாங்க, எழுதினேன்."

குண்டூசிக்கு வாயடைத்துப் போயிற்று. அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. முதலில் அம்மாமேல்தான் கோபம் வந்தது. செத்துப்போனவளிடம் எப்படிச் சண்டை போடுவது? ஏனம்மா இப்படிச் சொன்னாய்? அந்தப் பெண்மணிக்கு ஏன் இத்தனை பெரிய மனசைத் தானம் செய்தாய்? அவள் கொடுத்தாளா, நீயல்லவா எடுத்தாய்? நீ செய்த காரியங்களிலேயே எனக்குப் பிடித்த காரியம் அது!

அப்புறம்தான் வேறொன்று தோன்றியது. அந்தக் கோப்பையில் அம்மா ஒருநாளும் தேநீர் குடித்ததில்லை. அது சமையலறையிலும் இருந்ததில்லை, வரவேற்பறையிலும் இருந்ததில்லை. துணி அலமாரியில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால், யார் கையும் எட்டாத மூலையில் கிடந்தது. அம்மா போன பிறகு அலமாரியை ஒழித்தபோது குண்டூசிதான் எடுத்தாள். பாசத்தில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள் என்று அப்போது நினைத்தாள். திருட்டுப் பொருளை ஒளித்துவைக்கிற இடம் அது என்று இப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, அம்மா கூசிப் போயிருக்காங்க."

"எதுக்கு?"

"அந்தத் தெருவுல அவ கத்தினாளே, அதுக்கு. நான் அதைச் சிரிப்புக் கதைன்னு நினைச்சேன். அவங்க சாகற வரைக்கும் அதைச் சுமந்திருக்காங்க. வீட்டைப் பிடுங்கினவங்களுக்கு ஒருநாள் கூசலை. அந்த வீட்டுக் கட்டில்ல படுத்தவங்களுக்குக் கூசலை. அந்தக் கோப்பையில ஐம்பது வருஷம் குடிச்சவளுக்குக் கூசலை. தன் அம்மாவோட கோப்பையை எடுத்துட்டு வந்தவளுக்குக் கூசியிருக்கு! யாருண்ணா வெட்கப்படணும்? யாரு?"

அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அண்ணன் மெல்லச் சொன்னான்: "அப்படியே இருக்கட்டும். அது வெளியே வரக்கூடாதுன்னு அம்மா நினைச்சாங்கன்னா, மறைச்சதை எடுத்து ஊருக்குக் காட்ட நமக்கு என்ன உரிமை?"

நியாயமான கேள்விதான். குண்டூசி யோசித்தாள். யோசிக்கும்போதே இன்னொரு இடத்தில் மனம் போய் முட்டியது.

"சரி. மன்னிப்பு எங்க?"

"என்னது?"

"மன்னிக்க ஒன்றுமில்லை, நாம் இருவரும் குழந்தைகளாக இருந்தோம். கடைசி வரி. அது எங்க? நாடாவை ஓட விடு."

அண்ணன் பெட்டியைத் தொடவில்லை.

"ஓட விடுண்ணா."

"அதுல இல்ல."

"எதுல இருக்கு?"

"எதுலயும் இல்ல" என்றான் அண்ணன். "பதிப்பகத்துல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. இவ்வளவு தூரம் கூட வந்த வாசகரை வாசல்லயே நிறுத்திட்டா எப்படி, ஒரு ஆறுதல் வேணாமான்னு கேட்டாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அம்மா அப்படி நினைச்சிருப்பாங்கன்னு..."

"நினைச்சிருப்பாங்கன்னு நீ நினைச்சே." குண்டூசி எழுந்தாள். "கோப்பை விஷயத்துல அம்மா பொய் சொன்னாங்க. அது அவங்க பொய், அவங்க வெட்கம், அவங்க இஷ்டம். ஆனா அந்த மன்னிப்பு? செத்துப்போன நாலு பேர் சார்பா, ஒருத்தர் வாயிலயும் வராத மன்னிப்பை நீ எடுத்துக் குடுத்திருக்கே. வாசகர் நல்லாத் தூங்கணும்னு! அந்தக் குடும்பம் வீட்டை எடுத்துச்சு. நீ அம்மாவோட கோபத்தை எடுத்துட்டே. மிச்சம் அது ஒண்ணுதாண்ணா அவங்ககிட்ட இருந்துச்சு."

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "சனிக்கிழமை நீ வராதே. தயவுபண்ணி வராதே" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அவள் போனாள்.

நூலகத்தின் மாடியில் ஐம்பது மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முக்கால்வாசி நிரம்பியிருந்தது. குண்டூசி கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தாள். கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். யூத இனப்படுகொலையைப் பற்றி நூலகர் அம்மாள் பொதுவாக நான்கு வார்த்தை பேசினார். அண்ணன் முகாமைப் பற்றிய இடத்தை வாசித்தான். அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. கடைசி அத்தியாயத்தை அவன் தொடவில்லை. அதை அவள் கவனித்தாள்.

ஆனால் கேள்வி நேரம் வந்ததும், முன்வரிசையில் நீலச் சால்வை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"கேள்வி இல்லீங்க. நன்றி சொல்லத்தான் எழுந்தேன். படிக்கும்போது மனசு ரொம்பப் பாரமா இருந்துச்சு. கடைசியில அந்த அம்மா மன்னிக்கிற இடம் வந்ததும் எல்லாம் லேசாயிடுச்சு. அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினேன்."

நான்கைந்து பேர் கை தட்டினார்கள். குண்டூசி எழுந்து நிற்பதை அவளே கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

"அவங்க மன்னிக்கல" என்றாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"நான் அவங்க மக. கூடப் போனவ நான்தான். அந்த வரியை எங்க அம்மா சொல்லல. யாரையும் மன்னிச்சதா அவங்க உயிரோட இருந்தவரைக்கும் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல."

நூலகர் அம்மாள் தவிப்போடு வாத்தியாரைப் பார்த்தார். குண்டூசியும் பார்த்தாள். அவன் நினைத்தால் ஒரு சிரிப்பு சிரித்து, 'என் தங்கச்சி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க' என்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம். வகுப்பில் நாற்பது பேரைச் சமாளித்தவன் அவன்.

"அந்த வரியை நான்தான் எழுதினேன்" என்றான் அண்ணன். "நான் அங்க இல்ல. அவ இருந்தா. நடந்ததை அவ சொல்லட்டும்."

அவள் சொன்னாள். தாழ்ப்பாளை விடாத கையிலிருந்து தபால்காரர்வரை சொன்னாள். நாடாவில் அம்மா என்ன சொல்லியிருந்தாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நீலச் சால்வைப் பெண் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். நடுவரிசையில் கைத்தடி வைத்திருந்த ஒருவர் கேட்டார்: "அப்படின்னா உங்க அம்மா அதைச் சொல்லாம எடுத்துட்டு வந்துட்டாங்கன்னு அர்த்தமா?"

"சொல்லாம எங்கே எடுத்தாங்க? எடுத்துட்டுப் போறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தானே எடுத்தாங்க!"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இல்ல, தெருவுல அப்படிக் கத்தும்போது உங்க அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? முகம் எப்படி இருந்துச்சு?"

யாரும் கேட்காத கேள்வி அது. அண்ணன்கூடக் கேட்கவில்லை. குண்டூசி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"தெரியாது. நான் பார்க்கல."

"கூடத்தானே இருந்தீங்க?"

"பத்தடி முன்னால போயிட்டிருந்தேன். வேகமா. அவங்களோட வந்தவ இல்லங்கற மாதிரி." அவள் குரல் இறங்கியிருந்தது. "எல்லா சன்னல்லயும் ஆளுங்க பார்த்தாங்க. எனக்கு மானம் போச்சுன்னு இருந்துச்சு. தெருமுனை தாண்டினதுக்கு அப்புறம்தான் நின்னேன். அவங்களைத் தனியா விட்டுட்டு நடந்தேன். இப்ப அண்ணன்மேல பாயறேனே, முதல்ல வெட்கப்பட்டது நான்தான். அந்த வெட்கத்தை அவங்க பார்த்திருப்பாங்க. என் முதுகைத்தானே பார்த்துட்டு வந்தாங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அறுபத்துநான்கு வயதில் அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

கூட்டம் கலைந்தபோது சிலர் வந்து கையைப் பிடித்தார்கள். சிலர் வாங்கிய புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு வந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். நூலகர் அம்மாள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

இரண்டாம் பதிப்பு வர எட்டு மாதம் ஆனது. பதிப்பகத்து அம்மா தொலைபேசியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முடிவு ரொம்பக் கடுமையாக இருக்கிறது, வாசகர்கள் மனசு நோகும் என்றார். "நோகட்டும்" என்றாள் குண்டூசி. "முந்நூறு பக்கம் படிச்சும் நோகலைன்னாத்தான் தப்பு." கடைசியில், அம்மா நாடாவில் சொன்னது அவள் சொன்னபடியே ஒரு பக்கத்தில் அச்சானது. மகள் பார்த்தது, பத்தடி முன்னால் நடந்தது உட்பட, அதற்கடுத்த பக்கத்தில். மன்னிப்பு வரி போய்விட்டது. அந்த இடத்தில் அண்ணன் எதையும் எழுதவில்லை.

கடிதங்கள் வந்தன. பாதி திட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அவற்றை எடுத்துக்கொண்டு குண்டூசி வீட்டுக்கு வருவான். இரண்டு பேரும் படித்துப் பார்த்துப் பதில் எழுதுவார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'முதல் பதிப்பில் எனக்குக் கிடைத்த நிம்மதியை இரண்டாம் பதிப்பில் பிடுங்கிக்கொண்டீர்கள்.'

"இவருக்கு என்ன எழுத?" என்றான் அண்ணன், பேனாவைத் திறந்துகொண்டு.

"எழுது. ஐயா, அந்த நிம்மதி உங்களுடையது அல்ல. எங்களுடையதும் அல்ல. எங்கள் அம்மாவுக்கே கிடைக்காத ஒன்றை உங்களுக்குக் கொடுத்தது எங்கள் தவறு. வருந்துகிறோம். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

படித்தான். ஒரு சொல் மாறாமல் எழுதியிருந்தான். கீழே மட்டும் ஒன்று கூடியிருந்தது.

"'அன்புடன்'னு எதுக்குப் போட்டே?"

"கடிதம்னா அப்படித்தானே முடிக்கணும்?"

"அடி" என்றாள் குண்டூசி.

அண்ணன் அடித்தான்.